பேட்டரியிலிருந்து டிக்கி வரை

சென்னையில் கார் வாங்கியவர்கள் சீட் கவருக்கும் பாட்டுப் பெட்டிக்கும் தேடிப்போகும் தெரு ஜி.பி. ரோடு. அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் போகும் இந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில், கடைக்குள் நடப்பது வியாபாரம் மட்டும்தான். வேலை நடப்பது ஓரமாக நிறுத்திய கார்களுக்குள். நான்கு கதவுகளும் திறந்து கிடக்க, டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்து மல்லாந்து படுத்திருப்பார்கள் ஃபிட்டர்கள். அந்த வேலையை அருகிலிருந்து பார்ப்பதற்காக ஒரு கோடைகாலப் பகலில் அங்கே போயிருந்தேன்.

வந்திருந்தது ஒரு சிறிய கார். காரோடு வந்த கம்பெனி செட்டை மாற்றாமல், அதோடு ஆம்ப்ளிஃபயரும் சப்வூஃபரும் சேர்க்க வேண்டும் என்பது உரிமையாளரின் விருப்பம். வேலையை எடுத்துக்கொண்டவர் கேசட் காலத்திலேயே தொழிலுக்கு வந்த மாஸ்டர். கூட இரண்டு பையன்கள். பானட்டைத் திறந்ததும் 10 மி.மீ. ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றச் சொன்னார். அது கழன்ற பிறகுதான் உள்ளே மற்ற வேலைகள் தொடங்கின.

செட்டிலேயே சத்தம் வருகிறதே, ஆம்ப்ளிஃபயர் எதற்கு என்று கேட்டேன். “அட்டையில 50 வாட்டுன்னு போட்டிருப்பான் சார். 12 வோல்ட்டுல எப்படி வரும்?” என்றார். கணக்கும் அதையே சொல்கிறது. வண்டி ஓடும்போது கிடைப்பது அதிகபட்சம் 14.4 வோல்ட். அதை வைத்து 4 ஓம் ஸ்பீக்கருக்குச் செட்டின் உள்ளே இருக்கும் சிப் சிதறாமல் தரக்கூடியது சுமார் 25 வாட். ஆம்ப்ளிஃபயரோ, தன்னுள்ளே இருக்கும் பவர் சப்ளையால் மின்னழுத்தத்தை உயர்த்திக்கொண்டு பிறகே ஸ்பீக்கரை ஓட்டுகிறது. குரலும் மிருதங்கமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாகக் கேட்பதற்குக் காரணம் இந்தக் கூடுதல் வலுதான்.

செட் வெளியே வந்தது. கடையில் வாங்கும் செட்டுகளில் மஞ்சள் வயர் நேரடி பேட்டரிக்கு, சிவப்பு சாவி போட்டால் வரும் மின்சாரத்துக்கு, கறுப்பு எர்த்துக்கு. ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்யும் ரிமோட் வயர் நீலத்தில் வெள்ளைக் கோடு. கம்பெனி செட்டில் இந்த நிறங்களை நம்ப முடியாது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு முறை வைத்திருக்கிறது. அதனால் சந்தேகமுள்ள ஒவ்வொரு வயரையும் மல்டிமீட்டரில் பார்த்தார்கள். இந்தச் செட்டில் சிக்னலை வெளியே தரும் ஆர்சிஏ சாக்கெட் இல்லை. ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுத்துக் கன்வர்ட்டர் வழியாக ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்க வேண்டும். வண்டியின் வயரை வெட்டினால் வாரண்டிக்குச் சிக்கல் வரும். ஆகவே நடுவில் இன்னொரு கப்ளரைச் செருகி அதிலிருந்து கிளை பிரித்தார்கள். டேஷ்போர்டின் உள்ளே மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் வயர்கள் தெரிந்தபோது மாஸ்டரின் குரல் கடுமையானது: “டேய் தம்பி, அந்தப் பக்கம் கை போகக் கூடாது.”

பவர் வயர் இழுக்கும் வேலைக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. 400 வாட் தரும் டி கிளாஸ் ஆம்ப்ளிஃபயர், 80 சதவீதத் திறனில் ஓடினால், பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 500 வாட் இழுக்கும். அதாவது சுமார் 36 ஆம்பியர். செட்டுக்குப் போகும் மெல்லிய வயர் இதைத் தாங்காது. பேட்டரியிலிருந்தே தடித்த வயர் வர வேண்டும். எஞ்சின் அறைத் தகட்டுத் துளையில் ரப்பர் வாஷர் மாட்டி, அதன் வழியாக வயரை உள்ளே விட்டார்கள். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ் உட்கார்ந்தது. “ஃப்யூஸ் ஆம்ப்ளிஃபயருக்கு இல்ல சார், வயருக்கு” என்றார் மாஸ்டர். வண்டி அதிரும்போது வயர் தகட்டில் உரசித் தோல் கிழிந்தால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே நொடியில் கொட்டும். ஃப்யூஸ் டிக்கியில் இருந்தால், அதுவரை வரும் வயர் முழுவதும் பாதுகாப்பில்லாமல் கிடக்கும். தீ பிடிப்பது அங்கேதான்.

வயரின் நுனியைக் கத்தியால் சுரண்டியும் காட்டினார். செம்பு என்றால் உள்ளேயும் செம்பு நிறம்தான். மலிவு வயரில் மேற்பூச்சு மட்டுமே செம்பு. உள்ளே அலுமினியம் வெள்ளையாகத் தெரிகிறது. அதே தடிமனில் அது குறைவாகவே கடத்தும், சீக்கிரம் சூடாகும்.

பவர் வயர் வண்டியின் ஒரு பக்கமாகவும், சிக்னல் கேபிள் மறுபக்கமாகவும் போயின. சிக்னல் கேபிள் இரைச்சலைப் பிடித்துக்கொண்டால் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஊளை ஏறும். எர்த் சரியில்லாவிட்டாலும் அதே ஊளை வரும். டிக்கியில் பெயிண்டைப் பளபளக்கும் தகடு தெரியும்வரை ஒரு பையன் தேய்த்தான். அங்கே எர்த் வயரின் லக்கை இறுக்கிவிட்டுத் துருப் பிடிக்காமலிருக்க மேலே பூச்சும் அடித்தான்.

கடைசியாக, செட்டின் சிக்னலுக்கு ஏற்ப ஆம்ப்ளிஃபயரைச் சரிசெய்யும் கெயின். இதை வால்யூம் என்று நினைத்து முழுவதும் திருப்பிவிடுபவர்கள் ஏராளம். மாஸ்டர் ஒரே சீரான டோனை ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனையில் மீட்டரை வைத்தார். வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் நிற்க வேண்டிய வோல்ட் கிடைக்கும்: 75 வாட், 4 ஓம் என்றால் 17.3. அதற்கு மேலே போனால் ஒலியலையின் முகடு வெட்டுப்படும். முதலில் கருகுவது பெரும்பாலும் ட்வீட்டர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் இந்தக் கணக்கைக் காகிதமில்லாமல் போட்டார். சொல்லித்தர ஆளில்லாமல், எரிந்த ஸ்பீக்கர்களைப் பிரித்துப் பார்த்துக் கற்றதாம்.

பெட்டியை ஆன்லைனில் வாங்கிக்கொண்டு ஃபிட்டிங்குக்கு மட்டும் வருபவர்கள் பெருகிவிட்டார்கள் என்றார். சரக்கில் கிடைத்த லாபம் போய்விட்டது. மிஞ்சியது லேபர் மட்டும். அதிலும் பேரம். புதிய கார்களில் ரிவர்ஸ் கேமராவும் ஏசியும்கூடச் செட்டோடு பின்னிக் கிடப்பதால் வேலையின் கடினம் கூடியிருக்கிறது, கூலி அதே வேகத்தில் கூடவில்லை. வெயிலில் கொதிக்கும் காருக்குள் கழுத்தை மடக்கிக் கிடக்கும் உடம்புக்குத் தனிக் கணக்கு எதுவும் இல்லை.

இந்தத் தொழிலின் நேர்மை முழுவதும் கார்ப்பெட்டுக்கு அடியில் மறைந்துபோகிறது. கண்ணில் படாத வேலையைத்தான் நாம் முதலில் விலை குறைக்கச் சொல்கிறோம். அரை மணியில் முடித்துத் தருபவரைத் தேடுகிறோம். அடுத்த முறை உங்கள் காரில் ஆம்ப்ளிஃபயர் மாட்டும்போது மூன்றைக் கேளுங்கள்: ஃப்யூஸ் பேட்டரிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, எர்த் வெறும் தகட்டைத் தொடுகிறதா, வயர் முழுச் செம்புதானா. மூன்றையும் தயங்காமல் காட்டுபவர் கிடைத்தால், அவர் கேட்கும் லேபரைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வாருங்கள்.