எந்த மொழி முதலில்?

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றை எதிர்நோக்கியிருக்கும் என் தமக்கையின் மகள், ஒரு கடதாசித் துண்டுடன் என் முன்னே வந்து நின்றாள். சி, யாவா, பைதன் என்னும் மூன்று பெயர்கள் அதில் எழுதப்பட்டிருந்தன.

"மாமா, கணினியிலே செய்நிரல் எழுத எந்த மொழியை முதலிலே படிக்கலாம்? ஒன்றைச் சொல்லுங்கோ."

இவ்வினாவை நானும் ஒருகாலத்தில் கேட்டவன். 1996இல் கொழும்பிலே மாலை வகுப்பொன்றிற் சேர்ந்தபோது, "பேசிக் குழந்தைப் பிள்ளைகளின் விளையாட்டு, படித்தாற் சி படிக்கவேண்டும்" என்றார், அங்கு எனக்கு முன்னே பயின்ற ஓர் அண்ணர். விஞ்ஞானமும் கணிதமும் பயிலாத மாணாக்கரும் கணினியைக் கையாளவேண்டும் என்றே, அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜோன் கெமெனி, தோமஸ் கேர்ட்ஸ் என்னும் பேராசிரியர் இருவர் 1964இல் பேசிக்கை ஆக்கினர் என்பதை அவரும் அறியார், நானும் அறியேன். சி மொழியோ, பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி 1970களின் தொடக்கத்தில் உருவாக்கியது; யுனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை எழுதத் தேர்ந்தவர்கள் கையாண்ட கருவி. ஓர் அரைப்புள்ளி விடுபட்டாற் போதும், திரை நிறையப் பிழைகள்! சுட்டிகள் பற்றிய அதிகாரம் வந்ததும் வகுப்பை விட்டு நின்றேன். கட்டிய பணம் போனது பெரிதன்று. "இஃது என் மூளைக்கு ஏறாது" என்று இத்தனை ஆண்டுகள் நம்பியிருந்தேனே, அதுவே நட்டம்.

ஆதலாற் பைதன் என்றேன். அவள் முகம் வாடியது. அது மிக எளிதென்று தோழியர் நகைக்கிறார்களாம்! ஒல்லாந்தரான கிடோ வான் ரொசம் 1991இல் வெளியிட்ட அம்மொழியில் அரைப்புள்ளித் தொல்லை இல்லை. வரித் தொடக்கத்தில் விடும் இடைவெளியே எவ்வரி எதனுள் அடங்கும் என்பதைக் காட்டிவிடும். ஆனால் எளிதென்பதற்காக அது எவரையும் சும்மா விடுவதில்லை.

அன்று மாலை பன்னிரண்டாம் வாய்பாட்டை அச்சிடுமாறு அவள் ஒரு செய்நிரல் எழுதினாள். வாய்பாடு பதினொன்றோடு நின்றுவிட்டது. விடை எனக்குத் தெரியும். ஆயினும் வாய் திறந்தேனல்லேன். இராச் சாப்பாட்டுக்குத் தமக்கை இருமுறை அழைத்தும் பிள்ளை எழுந்திருக்கவில்லை.

"மாமா! 1, 12 என்று குடுத்தால் 12 சேராது. 13 என்று போடவேணும்!"

மறுநாள் என் அலுமாரியிலிருந்த பழைய சி புத்தகத்தை அவள் கேட்டாள். நான் கொடுக்கவில்லை, முதலில் நான் வாசித்து முடிக்கவேண்டும் என்றேன்.