கோல நோட்டு

அப்பா பக்கவாதத்தில் படுத்த பிறகு, வள்ளூரில் எங்கள் வீட்டுக் கடிகாரம் அவர் உடம்புதான். படுக்கைப்புண் வராமலிருக்க 2 மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஒரு புரட்டலுக்கும் அடுத்ததற்கும் நடுவேதான் கொசஸ்தலை ஆற்று நண்டுகள் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வு நகர்கிறது. கைடைப் பார்க்க வேண்டிய நாளில் அம்மாவிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு அத்திப்பட்டு புதுநகரில் ரயிலேறுவேன்.

ஆய்வு எப்போது முடியும் என்று தெரியாது. பணிவிடையின் முடிவைப் பற்றி நினைக்கவே மனம் கூசும். அதனால், தொடங்கிய அன்றைக்கே முடிந்துவிடுகிற ஒரு வேலை எனக்குத் தேவைப்பட்டது. கம்பிக் கோலத்தைப் பிடித்துக்கொண்டேன்.

காலையில் வாசலில் போடுவது வீட்டுக் கடமை. நான் சொல்வது மத்தியானம் கட்டிலோரம் உட்கார்ந்து, கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் போடுவதை. 7 புள்ளி, 4 வரை, இடைப்புள்ளி. புள்ளி வைக்கும்போதே மூச்சு நிதானத்துக்கு வந்துவிடும். கம்பி எந்தப் புள்ளியையும் தொடக்கூடாது, எதையும் சுற்றாமல் விடவும் கூடாது. புறப்பட்ட இடத்துக்கே வந்து மூட வேண்டும். கை அவசரப்பட்டால் ஒரு வளைவு இடம் மாறி, கம்பி எங்கோ போய் முட்டும். அழிக்க மாட்டேன்; அடுத்த பக்கத்தில் புள்ளியிலிருந்தே தொடங்குவேன். அப்பா விழித்திருந்தால் நோட்டை அவர் பக்கம் திருப்புவேன். இடது கை விரலால் கம்பியைத் தொடர்ந்துகொண்டே போவார்.

களைத்த மூளைக்கு வெற்றுத்தாள் பயம் தரும். கோலத்தில் விதி பாதிச் சுமையைத் தூக்கிக்கொள்கிறது. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருதிவாசனோடு சேர்ந்து 1974-இல் அந்த விதிகளைக் கணினி இலக்கணமாகவே எழுதிக் காட்டினார்கள். வரையத் தெரியாதே என்று யாரும் தயங்க வேண்டாம். அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 2016-இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், 45 நிமிடம் கலைவேலை செய்த 39 பேரில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு, மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்டிசால் குறைந்திருந்தது. முன்பழக்கம் இருந்ததா இல்லையா என்பது வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை.

தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் போய்விட்டால் கோலம் போதாது. 14416-இல் டெலி மானஸ் மனநல ஆலோசகர்களிடம் தமிழிலேயே, கட்டணமின்றிப் பேசலாம், பேசுங்கள்.

கோலத்தாலும் ஆலோசனையாலும் தீராத ஒன்று விடுப்பு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 முனைவர் பட்ட விதிகள் பெண் ஆய்வாளர்களுக்கு மகப்பேறுக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் 240 நாள் வரை விடுப்பு தருகின்றன. படுத்த படுக்கையாகிவிட்ட பெற்றோரைப் பார்த்துக்கொள்ள அப்படியொரு விடுப்பு அவற்றில் இல்லை. அடுத்த திருத்தத்திலாவது அதைச் சேர்க்க வேண்டும், மகள்களுக்கு மட்டுமின்றி மகன்களுக்கும்.