மெதோருக்கு ஆன செலவு

போன வாரம் கடற்கரைச் சாலையில் காலை நடை போனபோது பழைய நண்பர் ஒருவர் வழிமறித்தார். அவரும் என்னைப் போல ஓய்வு பெற்றவர். "முசியே, பேரன் நாய்க்குட்டி வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். நீர்தான் எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதுகிற ஆளாச்சே. ஒரு நாய்க்கு வருஷத்துக்கு என்ன ஆகும்?" என்று கேட்டார். நடந்துகொண்டே சொல்கிற கணக்கு இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன். அதுதான் இது.

எங்கள் நாய் வந்தது 2017 மழைக்காலத்தில். முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்குக் கீழே நனைந்துகொண்டு கிடந்த தெருக்குட்டி. "நம்மளைப் பார்த்துக்கவே ஆள் இல்லை, இதை யாரு பார்க்கிறது?" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு அவளே பழைய துண்டை எடுத்து வந்து துடைத்தாள். பெயர் வைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் கலவை கல்லூரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். எங்களுக்கு நாய் என்றால் மெதோர்தான். நம் ஊர்க் கதைகளில் மணி மாதிரி. அதையே வைத்தேன். எதிர் வீட்டில் இருந்த சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர், விழுந்து விழுந்து சிரித்தார். குட்டி பெண், பெயரோ ஆண். தெருவில் வேறு யாருக்கு பிரெஞ்சு தெரியப் போகிறது என்று விட்டுவிட்டேன். பிள்ளைகள் அதை 'மேட்டூர்' என்று கூப்பிடுகிறார்கள். இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கும்.

நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதினேன்: 'வாங்கின விலை: பூஜ்யம்.' அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. இனி 2023-ஆம் வருஷக் கணக்கு. உடம்புக்குப் பெரிதாக ஒன்றும் வராத, சாதாரணமான வருஷம் என்பதால் அதை எடுத்துக்கொள்கிறேன். மெதோரின் எடை 18 கிலோ.

முதலில் சாப்பாடு. மாதம் ஆறு கிலோ நொய், 240 ரூபாய். கோழிக்கடையில் கழுத்து, ஈரல் வகையில் 900. தயிர் 150. ரொட்டி, ரஸ்க் 160. ஆக மாதம் 1,450, வருஷத்துக்கு 17,400. பாக்கெட்டில் விற்கிற நாய்த் தீனியே போடுவதானால் இது இன்னும் ஏறும். வீட்டுச் சாப்பாடு போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வேகவைத்த கோழி எலும்பைப் போடாதீர்கள், உடைந்து குடலைக் குத்தும். வெங்காயம், சாக்லேட், திராட்சை கூடவே கூடாது.

அடுத்தது தடுப்பூசி. வெறிநோய்க்கு ஒன்று, மற்ற நோய்களுக்குச் சேர்த்து ஒன்று, டாக்டர் கட்டணம், எல்லாம் 1,500. எந்தச் செலவைக் குறைத்தாலும் இதைக் குறைக்க மாட்டேன். பிரெஞ்சுப் பள்ளியில் பஸ்தேர் எங்களுக்குக் கடவுள் மாதிரி. 1885-இல் ஜோசப் மெய்ஸ்தேர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு அவர் வெறிநாய்க்கடி ஊசி போட வைத்துக் காப்பாற்றிய பாடத்தை எங்கள் வாத்தியார் நாடகம் மாதிரி நடத்துவார். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் ஒரு பையனை நாய் கடித்துவிட்டது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. தினமும் அவன் அம்மா இழுத்துக்கொண்டு போவாள். அவன் அலறல் தெருமுனை வரை கேட்கும். இப்போது மனிதர்களுக்குக் கையிலேயே போடுகிற ஊசி வந்துவிட்டது. ஆனாலும் நோய் கண்டுவிட்டால் பிழைப்பது அபூர்வம் என்பது மாறவில்லை.

குடற்புழு மாத்திரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வருஷத்துக்கு 400. உண்ணி மருந்தும் ஷாம்பும் 2,700. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு உண்ணி வருஷம் முழுக்க இருக்கும். அப்படியும் ஐப்பசியில் உண்ணிக் காய்ச்சல் வந்தது. இரத்தப் பரிசோதனை, மருந்து எல்லாம் 2,400. கழுத்துப் பட்டை, சங்கிலி, பாய் வகையில் 800. பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போன ஆறு நாளைக்கு நாய் விடுதியில் விட்டது, நாளுக்கு 500 வீதம் 3,000.

எனக்கு இன்றைக்கும் கூட்டல் மனசுக்குள் பிரெஞ்சில்தான் வரும். 'ழெ போஸ் செத், ழெ ரெத்தியேன் த்ருவா', ஏழைப் போட்டு மூன்றைக் கையில் வை என்று உதடு முணுமுணுக்கும். அப்படிக் கூட்டினால் வருஷத்துக்கு 28,200. மாதத்துக்கு 2,350. நாளுக்கு 77 ரூபாய். கடித்துப் போட்ட செருப்புகள் இதில் சேரவில்லை என்று மனைவி ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாள்.

நண்பரே, இங்கேயே நிறுத்தினால் நான் உமக்குப் பொய்க் கணக்குக் காட்டியவன் ஆவேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் பிரிவில் பிரெஞ்சுக் காலத்துத் தலைமை எழுத்தர் ஒருவர் இருந்தார். பட்ஜெட்டில் கடைசி வரியாக 'ஆம்ப்ரெவ்யு', அதாவது எதிர்பாராச் செலவு, என்று ஒன்று வைக்கச் சொல்வார். அந்த வரி இல்லாத பட்ஜெட் வெறும் ஆசைதான் என்பார். முப்பத்தெட்டு வருஷம் சர்க்கார் கணக்கில் அந்த வரியை விடாமல் எழுதினவன், வீட்டு நாய்க்கு எழுதவில்லை.

அதற்கு மேலும் ஒரு தப்புச் செய்திருந்தேன். மெதோருக்கு ஏழு மாதம் ஆனபோது, "சார், கருத்தடை ஆபரேஷன் செய்துவிடுங்க. பின்னால் கர்ப்பப்பை நோய், மார்க்கட்டி வராமல் காப்பாற்றும்" என்றார் டாக்டர். 5,000 ரூபாய் ஆகும் என்றார். நோட்டில் எழுதினேன். இரண்டு நாள் யோசித்து, 'அவசியமில்லை' என்று சிவப்பு மையால் அடித்தேன். வீட்டைச் சுற்றி மதில் இருக்கிறது, நாய் எங்கே போகப் போகிறது என்று நினைத்தேன். குட்டி போடுவதைத் தவிர வேறு ஆபத்தை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

2024 பிப்ரவரி. மெதோர் பருவத்துக்கு வந்து ஒரு மாதம் கழிந்திருக்கும். சட்டி சட்டியாகத் தண்ணீர் குடித்தது. சோற்றை முகர்ந்துவிட்டுப் போனது. வெயிலுக்கு அப்படி என்று இருந்துவிட்டேன். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தால் எப்போதும் எனக்கு முன்னால் ஓடும், அன்றைக்கு எழுந்திருக்கவே இல்லை. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினோம். ஸ்கேன் பார்த்த டாக்டர், "கர்ப்பப்பை முழுக்கச் சீழ் சார். இன்றைக்கே எடுக்கணும். நாளைக்கு என்றால் நான் உறுதி சொல்ல முடியாது" என்றார். ஸ்கேன், ஆபரேஷன், டிரிப்ஸ், மருந்து சேர்த்து 19,500.

பீரோவில் ஓர் உறையில் 25,000 இருந்தது. என் காது மிஷினுக்காக ஒன்றரை வருஷமாகச் சேர்த்தது. அதை மறைக்காமல் எழுதுகிறேன்: அந்த நேரத்தில் என் மனசில் முதலில் வந்தது அந்த நோட்டின் முதல் பக்கம்தான். வாங்கின விலை பூஜ்யம். தெருவில் கிடந்தது, ஆறு வருஷம் நன்றாக இருந்தது, போதாதா? "மாத்திரையிலேயே பார்க்க முடியாதா டாக்டர்?" என்று இரண்டு தடவை கேட்டேன். இரண்டாம் தடவை அவர் பதில் சொல்லவில்லை. மெதோர் மேஜைமேல் படுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

மனைவிதான் பேசினாள். "என்னங்க, உங்க காது எங்கேயும் ஓடிடாது. போய்ப் பணத்தை எடுத்துட்டு வாங்க."

போய் எடுத்து வந்தேன். ஆபரேஷன் இரண்டு மணி நேரம். பத்து நாள் தையல் பிரிக்கும் வரை அவளே தயிர்சாதத்தைக் கையில் உருட்டி ஊட்டினாள். நோட்டில் எழுத உட்கார்ந்தபோது, அன்றைக்கு அடித்த 5,000-க்கு நேராக 19,500 என்று எழுதினேன். மிச்சம் பிடித்ததில் நஷ்டம் 14,500. ஓர் உயிர் போக இருந்தது எந்தத் தலைப்பில் வரும் என்று தெரியாமல் அந்த இடத்தை வெறுமையாக விட்டேன்.

காது மிஷின் எட்டு மாதம் தள்ளிப்போனது. அந்த எட்டு மாதமும் வாசலில் யாராவது மணி அடித்தால் எனக்குக் கேட்காது. மெதோர் குரைப்பதும் சரியாகக் கேட்காது. அது ஓடி வந்து முழங்காலில் மூக்கை வைத்து அழுத்தும். எழுந்து போய்ப் பார்த்தால் தபால்காரரோ, கேஸ்காரரோ நிற்பார். மிஷின் வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை அது விடவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. எனக்கு எழுபத்தைந்து நடக்கிறது. மெதோருக்கு இன்னும் ஐந்தாறு வருஷம் இருக்கலாம். நமக்குப் பிறகு யார் என்று மனைவி முதல் நாளே கேட்ட கேள்விக்கு நான் போன தீபாவளிக்குத்தான் விடை தேடினேன். மகளிடம் கேட்டேன். "இதைக் கேட்கவா அப்பா இத்தனை வருஷம் தயங்கினீங்க?" என்றாள்.

ஆகவே நண்பரே, உம் பேரனுக்குச் சொல்லும்: வருஷத்துக்கு 28,200. அதற்கு மேல் 20,000 ஓர் உறையில் போட்டு, மேலே 'ஆம்ப்ரெவ்யு' என்று எழுதி வையும். குட்டி பெண்ணாக இருந்தால் டாக்டர் சொல்கிற காலத்தில் கருத்தடையை முடித்துவிடும். தனியாரிடம் கட்டுப்படியாகாவிட்டால் குரும்பாப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, போய் விசாரியும். உமக்குப் பிறகு யார் பார்ப்பது என்பதையும் இப்போதே பேசிவிடும்.

இவ்வளவையும் பார்த்த பிறகும் பையன் நாய் வேண்டும் என்றால், வாங்கிக் கொடும். காசு கொடுத்து வாங்க வேண்டாம். மழைக்காலம் வரட்டும், எந்தத் திண்ணைக்குக் கீழேயும் ஒன்று கிடக்கும்.