டேரா போட்டால் பரிசு கிடையாது

இரவு பதினோரு மணி. மும்பை செம்பூரில் இரண்டாவது மாடி ஃப்ளாட். போர்வைக்குள் லேசான வெளிச்சம். வங்கி அதிகாரியான அப்பா மெல்ல அதை விலக்குகிறார். பதினைந்து வயது மகன் கையில் செல்போன். திரையில் ஒரு குளியலறை. அதன் மூலையில், துப்பாக்கியை வாசல் பக்கம் நீட்டியபடி ஒரு வீரன் குந்தியிருக்கிறான். அசைவே இல்லை.

"என்னடா பண்றே?"

"கேம்ப் பண்றேம்ப்பா."

"எவ்வளவு நேரமா?"

"எட்டு நிமிஷமா. எவனாவது கதவைத் திறப்பான். சுட்டுருவேன்."

அப்பாவுக்குக் கோபத்தைவிட வியப்புதான் அதிகம். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஆடும் ஆட்டத்தில் பையன் சும்மா உட்கார்ந்திருக்கிறான்! சற்று நேரத்தில் நீலச் சுவர் ஒன்று நகர்ந்து வந்தது. வீரன் எழுந்து ஓடினான். வெட்டவெளியில் குண்டடி பட்டுச் செத்தான்.

ஆட்டத்தின் பெயர் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா. பப்ஜி மொபைலை மத்திய அரசு 2020 செப்டம்பரில் தடை செய்தபின், 2021 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்தது. ஒரு தீவில் நூறு பேர். கடைசிவரை உயிரோடு இருப்பவருக்கே வெற்றி. விதி இப்படி இருந்தால் ஒளிந்துகொள்வதுதானே புத்திசாலித்தனம்? ஆனால் நூறு பேரும் ஒளிந்துகொண்டால் ஆட்டமே இல்லை. அதற்காகத்தான் அந்த நீலச் சுவர். அது எல்லை கட்டும் வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். வெளியே நிற்பவரின் உயிர் கரையும். ஒளியக் கூடாது என்று யாரும் தடுப்பதில்லை. ஒளிந்த இடம்தான் உதவாமல் போகிறது.

வீட்டில் அப்பா வைத்திருந்த விதி வேறு ரகம். தினம் இரண்டு மணி நேரம் செல்போன். பாடம் முடிக்காவிட்டால் அரை மணி வெட்டு. சாப்பாட்டு மேஜைக்கு வராவிட்டால் இன்னொரு அரை மணி. பத்து மணிக்கு வை-ஃபை நிறுத்தம். பலன்? போர்வை. மூன்று மாதமாக அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொண்டது இந்த வெட்டுக் கணக்கை மட்டுமே.

பெங்களூரில் கேம் கம்பெனியில் வேலை பார்க்கும் மைத்துனர் போனில் சிரித்தார். "மாமா, இது எங்க தொழில்ல ரொம்பப் பழைய வியாதி."

1999-ல் வந்த எவர்குவெஸ்ட்டில், அரிய பொருளைத் தரும் அரக்கன் கொல்லப்பட்டாலும் அதே இடத்தில் சில நேரம் கழித்து மறுபடி தோன்றுவான். ஆட்டக்காரர்கள் அங்கேயே மணிக்கணக்கில் டேரா போட்டார்கள். ரேஷன் கடை மாதிரி வரிசை, தகராறு. 2004-ல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், பாதாளக் குகைகளை ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனிப் பிரதியாகத் திறந்துவிட்டது. அங்கே வரிசைக்கு வேலை இல்லாமல் போயிற்று.

ஓட்டையை மட்டும் அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2014 செப்டம்பரில் வெளியான டெஸ்டினியில், ஒரு குகையிலிருந்து எதிரிகள் ஓயாமல் வந்துகொண்டே இருந்தார்கள். தள்ளி நின்று குகை வாயைப் பார்த்துச் சுட்டாலே போதும், சன்மானம் குவிந்தது. உலகைக் காக்க வந்த வீரர்கள் கூட்டமாக அங்கேயே நின்றார்கள். அதே மாதம் தயாரிப்பாளர்கள் குகையின் வேகத்தை முடக்கினார்கள். ஆட்டக்காரர்கள் வேறு குகையைத் தேடிப் போனார்கள்.

அப்பாவின் மனதில் தைத்தது இன்னொரு கதை. வார்கிராஃப்ட் பரிசோதனையில் இருந்தபோது, ஓய்வின்றி ஆடுபவருக்குக் கிடைக்கும் அனுபவப் புள்ளிகளைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தார்கள். ஒரே கூச்சல். உடனே பெயரை மாற்றினார்கள். குறைத்த அளவே சாதாரண அளவு ஆனது. பழைய அளவு, ஓய்வெடுத்துத் திரும்பியவருக்கான இரட்டிப்புப் பரிசு ஆனது. எண்கள் ஏறக்குறைய அதேதான். கூச்சல் அடங்கியது.

வங்கிக்காரருக்குக் கணக்கு புரியாதா? மறுநாளே விதி மாறியது. அடிப்படை ஒரு மணி நேரம். பாடம் முடித்தால் அரை மணி கூடுதல். எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிட்டால் இன்னொரு அரை மணி. மொத்தம் அதே இரண்டு மணி. கழித்தல் கூட்டலாயிற்று, அவ்வளவுதான்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. போன வாரம்கூட ஒரு நாள் போர்வைக்குள் வெளிச்சம் தெரிந்தது. ஆனால் இப்போதெல்லாம் பையனே நோட்டுடன் வந்து நிற்கிறான். ஞாயிறன்று அப்பாவின் செல்போனிலும் ஆட்டத்தை ஏற்றி, தன் குழுவில் சேர்த்துக்கொண்டான். இறங்கியதும் அப்பா நேராகப் போனது ஒரு குளியலறைக்கு.

"அப்பா, வட்டம் சுருங்குது. வெளியே வாங்க!"

"சுட்டுருவாங்களேடா."

"நான் முன்னால போறேன். என் பின்னாலயே வாங்க."

அப்பா கதவைத் திறந்தார்.