தலைமன்னார்க் கரையில் ஒரு பகல்

சென்ற விடுமுறையில் குடும்பத்தாருடன் மன்னார்த் தீவுக்குச் சென்று ஒரு பகற்பொழுதைக் கடற்கரையிற் கழித்துவந்தோம். மலைநாட்டுக் குளிரிற் பழகிய எமக்கு அங்குள்ள வெயிலே ஒரு விருந்தாயிற்று. எழுபது வயதைத் தாண்டிய எமது பாட்டியார், தாமும் வரவேண்டுமென்று பிடிவாதமாகப் புறப்பட்டார். அதன் காரணத்தை அப்பொழுது நாம் அறியோம்.

தாம்போதியைக் கடந்து தீவினுள் நுழைந்ததும் கோட்டை தோன்றியது. போர்த்துக்கேயர் 1560இல் அமைத்த அதனை 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1795இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. மதிலைச் சுற்றிப் பார்த்தபின், பள்ளிமுனையில் யானைபோற் பருத்து நிற்கும் பெருக்கமரத்தின் நிழலில் இளைப்பாறினோம். ஆபிரிக்காவுக்குரிய அம்மரத்தை அராபிய வணிகர் கொணர்ந்தனர் என்பர். வீதியோரம் திரிந்த கழுதைகளைக் கண்டு சிறுவர் கைகொட்டி மகிழ்ந்தனர்.

நண்பகலில் தலைமன்னார் இறங்குதுறையை அடைந்தோம். இங்கிருந்து 1914ஆம் ஆண்டு முதல் தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடியது. இரு கரைகளிலும் புகையிரதம் கப்பலை எதிர்பார்த்து நிற்கும். 1964 டிசெம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் இராமேஸ்வரத்துக்குச் சென்ற கப்பலும், 1980களின் போர்ச்சூழலில் நின்றுபோயிற்று.

கொண்டுசென்ற புளிச்சோற்றையும் பொரித்த மீனையும் உண்டபின், சிறுவர் முழங்காலளவு நீரில் விளையாடினர். மூத்தவன் ஓடிவந்து, “அப்பா, இந்தியாவின் எல்லை எங்கே?” என்று வினவினான். மேற்கே மணற்றிட்டுகள் உள்ளன என்றும், ஏறத்தாழ 30 கிலோமீற்றருக்கு அப்பால் தனுஷ்கோடி உளதென்றும், 1974இல் இரு நாடுகளும் இக்கடலில் எல்லை வகுத்தன என்றும் கூறினோம். கோடோ கம்பமோ காணாமையால் அவன் முகம் வாடிற்று.

அப்பொழுதுதான் பாட்டியார் வாய் திறந்தார். “எங்க அக்கா இங்கேதான் கப்பல் ஏறினாங்க. அட்டன் ஸ்டேஷனோட நான் நின்னுட்டேன். அவங்களுக்கு இந்தியாப் பாஸ்போட் வந்துச்சு. எனக்கு இங்கே பிரஜாவுரிமை கெடைச்சுச்சு. அவ்வளவுதான்.”

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்குரியோர், 3,00,000 பேர் இலங்கைக்குரியோர் எனப் பிரிக்கப்பட்டதைப் பாடசாலையிற் படித்திருக்கிறோம். அப்பிரிவு எமது வீட்டின் அடுப்படி வரை வந்ததென்பதை அன்றே உணர்ந்தோம்.

அந்த அக்கா இன்றில்லை. பாட்டியார் நீர் விளிம்புவரை தனியே நடந்து, பாதம் நனைய நெடுநேரம் நின்றார். சிறுவர் பொறுக்கிய சிப்பிகளில் நல்லவற்றைத் தெரிந்து முந்தானையில் முடிந்துகொண்டார். கோத்தகிரியில் வாழும் அக்காவின் மக்களுக்கு அனுப்புவதற்காம்.

தலைமன்னார் செல்லக் கருதும் அன்பர்கள் குடையும் குடிநீரும் கொண்டுசெல்க. வீட்டில் முதியோர் இருப்பின் அவர்களையும் மறவாது அழைத்துச் செல்க.