பாட்டுக்கு விலை உண்டோ?

பண்டைப் பாணரும் புலவரும் பரிசில் பெற்று வாழ்ந்தனர் என்பது தமிழ் பயில்வார் யாவரும் அறிந்ததே. பரிசில் பெறுதலை அவர் இழிவாகக் கருதினாரல்லர். எனினும், தம்மை நேரிற் காணாது அதியமான் அனுப்பிய பொருளைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தார். குமணன்பாற் பெற்ற பெருஞ்செல்வத்தையோ எல்லார்க்கும் வழங்கிவிடுமாறு தம் மனைவியிடம் கூறினார். புறநானூற்றில் இவ்விரு செய்யுட்களையும் பாடங்கேட்ட நாட்களில், எம் நினைவு அமெரிக்க நாட்டுக் கிறிஸ்தவப் பாடகர் இருவர்பாற் சென்றது. அவ்விருவரும் பாடற்பொருளை வைத்துப் பட்ட பாடு புலவர் பட்ட பாட்டிற்குச் சிறிதும் குறைந்ததன்று.

1960-களின் இறுதியில், கலிபோர்னியாவில் நீண்ட மயிரும் கிதாருமாய்த் திரிந்த வாலிபர் பலர் கிறிஸ்துவின் வழியைத் தழுவி, தங்காலத்து மெட்டுக்களிலேயே அவரைப் பாடத் தொடங்கினர். லாரி நார்மன் 1969-இல் வெளியிட்ட இசைத்தட்டு அவ்வகையில் முன்னோடிகளுள் ஒன்று. மூத்தோர் முகஞ்சுளித்தனர். அவர் சுளித்துக் கொண்டிருக்கவே அப்பாட்டு பெருவணிகமாயிற்று. 1992-இல் ஸ்பாரோ என்னும் கிறிஸ்தவ இசைக் கம்பெனியை ஈ.எம்.ஐ. என்னும் உலகப் பெருங்கம்பெனி விலைக்கு வாங்கிற்று என்றால் வேறு சான்று வேண்டுவதில்லை.

அந்த ஸ்பாரோ கம்பெனிக்கே முதலிற் பாடியவர் கீத் கிரீன். 1953-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியிற் பிறந்தவர், யூத மரபினர். பதினொரு வயதிலேயே டெக்கா கம்பெனி அவரோடு ஒப்பந்தஞ் செய்துகொண்டது. எதிர்பார்த்த புகழ் வரவில்லை. பல வழிகளில் அலைந்து, இருபது வயதைக் கடந்தபின் கிறிஸ்துவைக் கண்டார். அவரும் அவர் மனைவி மெலடியும் போதைக்கு அடிமையானாரையும் வீடற்றாரையும் தம் இல்லத்திற் சேர்த்துக்கொண்டு வாழ்ந்தனர். 1977-இலும் 1978-இலும் வெளிவந்த அவருடைய இசைத்தட்டுக்கள் நன்கு விற்றன. விற்றதே அவர் நெஞ்சை உறுத்தியது போலும். 1979-இல் கம்பெனியிடம் விடுதலை கேட்டுப் பெற்று, இனித் தம் நிகழ்ச்சிக்கும் இசைத்தட்டுக்கும் விலை குறிப்பதில்லை எனத் தீர்மானித்தார். அடுத்த இசைத்தட்டுக்கு முதல் எங்கே? வீட்டை அடகு வைத்தனர். 1980-இல் வெளிவந்த அவ்விசைத்தட்டை, வேண்டுவோர் இயன்றதைக் கொடுத்துப் பெறலாம். ஒன்றும் கொடாமலும் பெறலாம். பாப் டிலன் அதில் ஒரு பாட்டிற்கு மவுத்-ஆர்கன் வாசித்திருக்கிறார். 1982 மே மாதத்திற்குள் 200,000-க்கு மேற்பட்ட பிரதிகள் அனுப்பப்பெற்றன. அவற்றுள் 61,000 முற்றும் இலவசம்.

இக்கணக்கை யாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. ஏறக்குறைய பத்திற் மூவர் ஒன்றுங் கொடாது பெற்றனர். எஞ்சிய எழுவர் கொடாதிருக்கலாம் என்று அறிந்தும் ஏதேனும் கொடுத்தனர். கொடாத மூவரைப் பற்றிப் பேசுவோர் பலர். எமக்கோ அந்த எழுவரே வியப்பு.

1982 ஜூலை 28-ஆம் நாள், டெக்ஸாஸில் தம் ஊழிய நிலத்திலிருந்து புறப்பட்ட சிறு விமானம் அளவிற்கு மிஞ்சிய பாரத்தால் வீழ்ந்து, அதில் ஏறிய பன்னிருவரும் மாண்டனர். கீத் கிரீனும் அவருடைய பச்சிளங் குழந்தைகள் இருவரும் அவருள் அடங்குவர். அவருக்கு அப்போது வயது 28.

ரிச் மல்லின்ஸ் பிறந்ததும் ஓர் அக்டோபர் 21, ஆண்டு 1955, ஊர் இண்டியானாவிலுள்ள ரிச்மண்ட். சிறு சுத்தியல்களால் தந்திகளைத் தட்டி வாசிக்கும் டல்சிமர் என்னும் கருவியில் வல்லவர். அது நம் நாட்டுச் சந்தூரை ஒத்தது. 1988-இல் வெளிவந்த 'ஆஸம் காட்' என்னும் அவருடைய பாட்டைப் பாடாத வாலிபர் கூட்டம் அந்நாட்டில் அரிது. இவர் வீட்டை அடகு வைக்கவில்லை, விலையையும் மறுக்கவில்லை. தமக்கு வரும் பொருளனைத்தையும் தம் சபையாரிடம் ஒப்புவித்தார். ஓர் அமெரிக்கத் தொழிலாளி சராசரியாகப் பெறும் ஆண்டுச் சம்பளத்தை அவர்கள் இவருக்கு அளந்து கொடுத்து, மிச்சத்தை அறத்திற்குச் செலவிட்டனர். மொத்தம் எவ்வளவு என்று இவர் கேட்டறிய விரும்பவில்லை. 1995-இல் கான்ஸாஸிலுள்ள ஃப்ரெண்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் இசை கற்பித்தலிற் பட்டம் பெற்று, நவஹோ பூர்வகுடியினரின் நிலப்பகுதிக்குச் சென்று அங்குள்ள பிள்ளைகளுக்கு இசை கற்பித்து வந்தார்.

நிற்க. இவ்வழக்கு கடல் கடந்த வழக்கு மட்டுமன்று. இவ்வாண்டு எம் விடுதிப் பாடற்குழுவை ஒரு திருமண வீட்டார் அழைத்து, "எவ்வளவு வேண்டும், தம்பிமாரே?" என்று வினவினர். அன்றிரவு விடுதியில் உறக்கமில்லை. ஊழியத்திற்குக் கூலியா என்றது ஒரு கட்சி. கிதார்த் தந்தி இலவசமாய் வருகிறதா, பஸ்காரர் சும்மா ஏற்றுவாரா என்றது மறுகட்சி. தபேலா வாசிக்கும் நண்பர் மட்டும் வாய் திறவாதிருந்தார். பரீட்சைக் கட்டணம் செலுத்த அவருக்கு இன்னும் வழி பிறந்திலது என்பதை யாம் அறிவோம். கீத் கிரீன் உயர்ந்தவர் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் அடகு வைக்க வீடில்லாத பாடகன் என் செய்வான்? பெருஞ்சித்திரனாருக்கு வீட்டிற் பசித்த மக்களன்றி வேறு சொத்து இருந்ததில்லையே, அவர் வழங்கினாரே என்று எம்மை மடக்குவார் உண்டு. மடங்குகிறோம், ஆயினும் அவர் வழங்கியது பெற்ற பின்னரே.

முடிவில் எம் குழுவினர் தொகை ஒன்றும் கூறவில்லை. திருமண வீட்டார் கொடுத்த உறையைப் பாடத் தெரியாத ஒரு நண்பரிடம் ஒப்புவித்தோம். அவர் பஸ் கட்டணத்தை எடுத்துவிட்டு எஞ்சியதைத் தேவையுற்றோர்க்கு வழங்குவது என்பது ஏற்பாடு. எவருக்கு எவ்வளவு என்பதை யாம் கேட்பதில்லை. தபேலா நண்பர் பரீட்சை எழுதினார்.

மல்லின்ஸ் 1997 செப்டம்பர் 19-ஆம் நாள், கான்ஸாஸில் ஒரு தரும நிகழ்ச்சியிற் பாடச் செல்லும் வழியில், இல்லினாய்ஸ் நெடுஞ்சாலையில் வண்டி கவிழ்ந்து இறந்தார். அதற்கு ஒன்பது நாள் முன்பு, கைவிடப்பட்ட பழங்கோயில் ஒன்றில் அமர்ந்து, இயேசுவைப் பற்றிய புதுப்பாடல்களைச் சாதாரண ஒலிநாடா ஒன்றிற் பதிந்திருந்தார். அவருடைய நண்பர்கள் அப்பாடல்களைத் தக்க கருவிகளுடன் மீண்டும் பாடி, அந்த நாடாவையும் உடன்சேர்த்து 1998-இல் இரட்டை வெளியீடாகக் கொண்டுவந்தனர். யாம் இரண்டையும் கேட்டோம். நண்பர்களின் பாட்டில் பிழையே இல்லை. நாடாவில் இரைச்சல் மிகுதி. குரலும் ஓரிடத்திற் கம்முகிறது. இரவில் விளக்கணைத்த பின் யாம் கேட்பது அந்த நாடாவையே.