பக்கத்து மரபணு

ரத்தப் புற்று வந்த சுண்டெலியின் வீங்கிய மண்ணீரலிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தெடுப்போம். அதை நொதியால் வெட்டி, துண்டுகளை வளையமாக ஒட்டி, எலியின் டிஎன்ஏவில் புகுந்து புற்றைத் தூண்டிய ரெட்ரோவைரஸின் ஓரத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கிப் பிசிஆர் ஓட்டுவோம். வைரஸை ஒட்டிய எலியின் எழுத்துகள் கிடைக்கும். 2002-இல் எலியின் மரபணுத்தொகுதி வெளியான பிறகு அவை எந்த இடத்தவை என்று கண்டுபிடிப்பது சுலபமாகிவிட்டது. அங்கே எந்த மரபணு கெட்டது என்று சொல்வதுதான் இன்னும் கடினம்.

வைரஸின் இரு முனைகளிலும் உள்ள எல்டிஆருக்குச் சுற்றுவட்டார மரபணுக்களை முடுக்கிவிடும் சக்தி உண்டு. நான் வளர்ந்த பினாங்கு சூலியா தெருவில் கடைவீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை; ஒன்றில் ஒலிபெருக்கி கட்டினால் மூன்று வீடு தள்ளியும் தூக்கம் கெடும். ஆகவே மிக அருகில் இருக்கும் மரபணுவைக் குற்றவாளி என்று எழுத எனக்குக் கை வருவதில்லை. போதாததற்கு, எலி லுகேமியா வைரஸ் இயல்பாகவே மரபணுக்களின் தொடக்கப் பகுதியை நாடி உட்காரும். ஒரு கட்டியில் ஒரு மரபணுவருகே வைரஸ் இருந்தால் அது சாட்சியமே இல்லை. வேறு வேறு எலிகளில், தற்செயலுக்கு மீறி, அதே இடம் திரும்பத் திரும்ப வர வேண்டும்.

வந்தாலும் அவசரப்படக் கூடாது. எலி மரபியல் ஆய்வாளர்களான நான்சி ஜென்கின்ஸ், நீல் கோப்லேண்ட் இருவரும் பின்னாளில் சிங்கப்பூரிலும் ஆய்வுக்கூடம் நடத்தியவர்கள். அவர்கள் குழு பிஎக்ஸ்எச்-2 எலிகளில் வைரஸ் அடிக்கடி குடியேறும் ஓர் இடத்தைக் கண்டு, 1990-இல் ஈவிஐ2 என்ற பெயரில் வெளியிட்டது. அங்கிருந்த சிறு மரபணுவின் மேல்தான் முதல் சந்தேகம். அதுவோ என்எஃப்1 என்ற பெரிய மரபணுவின் இன்ட்ரானுக்குள், அதாவது புரதக் குறிப்பில்லாத இடைப்பகுதிக்குள், கிடந்தது. வைரஸ் புகுந்ததில் முடங்கியது என்எஃப்1. உயிரணுக்களைப் பெருகத் தூண்டும் ராஸ் சமிக்ஞையை அடக்கும் புரதம் இல்லாமல் போனது. 1995-இல் இது தெளிவானது. என்எஃப்1 குறையோடு பிறக்கும் குழந்தைகளுக்கு ஒருவகை மைலாய்டு ரத்தப் புற்று வரும் அபாயம் அதிகம் என்பதை அறிந்தவர்களுக்கு இந்த முடிவின் கனம் புரியும். முடுக்கப்பட்ட மரபணுவை மட்டுமே தேடினால் இதைப் பிடித்திருக்க முடியாது.

பாரிஸில் பிறவி நோயெதிர்ப்புக் குறைபாட்டுக்கு மரபணுச் சிகிச்சை பெற்ற குழந்தைகளில் இருவருக்கு ரத்தப் புற்று வந்த செய்தி 2003-இல் விரிவாக வெளியானது. சிகிச்சை மரபணுவைச் சுமந்து சென்ற ரெட்ரோவைரஸ் எல்எம்ஓ2 மரபணுவருகே அமர்ந்திருந்தது. எலிகளில் கண்டது பிள்ளைகளின் உடம்பில் நடந்துவிட்டது.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஹீமோஃபிலியா ஏ நோயாளிகள் ஐவருக்கு, லென்டிவைரஸ் என்ற இன்னொரு வகை ரெட்ரோவைரஸ் வழியே மரபணு ஏற்றிய அவர்களுடைய குருத்தணுக்களையே திரும்பச் செலுத்தினார்கள். 2024-இல் அந்த முடிவுகள் வந்தபோது மகிழ்ந்தேன். இத்தகைய சிகிச்சை பெற்றவர்களின் ரத்தத்தை ஆண்டுக்கணக்கில் எடுத்துப் பார்த்து, ஒரே இடத்தில் வைரஸ் தாங்கிய அணுக்கூட்டம் மட்டும் பெருகுகிறதா என்று கவனிக்க வேண்டும். அதற்கு வேண்டிய ஆட்களை வேலூர் போன்ற இடங்களிலேயே பழக்க முடியும்.